லைக்கா எம்3: பெயர் ஒன்று, கேமரா பல

லைக்கா எம்3 என்ற பழைய ஃபிலிம் கேமராவை வாங்கலாம் என்று கிளம்புகிறவர் முதலில் விசாரிப்பது "டபுள் ஸ்ட்ரோக்கா, சிங்கிள் ஸ்ட்ரோக்கா?" என்பதைத்தான்; அதாவது, ஃபிலிமை நகர்த்த லீவரை இரண்டு முறை இழுக்க வேண்டுமா, ஒரு முறை போதுமா என்று. அதை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம். முதலில் வியூஃபைண்டரில் கண்ணை வைத்து, நடுவில் ஃபோகஸ் பார்க்க இருக்கும் சின்னச் செவ்வகம் பளிச்சென்று தெரிகிறதா என்று பாருங்கள். அது போயிருந்தால், வெளியே குரோமியம் எவ்வளவு மின்னினாலும் கையில் இருப்பது விலை கூடிய பேப்பர் வெயிட்தான்.

1954 ஏப்ரலில் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த ஃபோட்டோகினா கண்காட்சியில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனம் இந்தக் கேமராவை அறிமுகப்படுத்தியது. வெட்ஸ்லர் தொழிற்சாலையில் 1966 வரை தயாரானது. ஒரு சிறு பகுதி கனடாவின் மிட்லண்டில் இருந்தும் வந்தது. மொத்தம் 2,20,000-க்கும் மேல். இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் வெளித்தோற்றம் பெரிதாக மாறவில்லை. ஆனால் உள்ளேயும் ஓரங்களிலும் லைட்ஸ் ஓசையில்லாமல் மாற்றிக்கொண்டே இருந்தது. 1954-இல் செய்த ஒன்றையும் 1964-இல் செய்த ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெயர் மட்டும்தான் ஒன்று என்று தோன்றும்.

இதற்கு முந்தைய திருகு மவுண்ட் லைக்காக்களில் ஃபோகஸ் பார்க்க ஒரு துளை, படத்தின் எல்லையைப் பார்க்க இன்னொரு துளை. லென்ஸைத் திருகித் திருகி மாட்ட வேண்டும். வேகத்துக்கு மேலே ஒரு டயல், மெதுவான வேகங்களுக்கு முன்னால் இன்னொரு டயல். ஃபிலிமை நகர்த்தக் குமிழைச் சுற்ற வேண்டும். எம்3 இவை அத்தனையையும் ஒரே அடியில் மாற்றிவிட்டது: ஒரே துளையில் இரண்டு வேலையும், லென்ஸைச் செருகிச் சற்றுத் திருப்பினாலே பூட்டிக்கொள்ளும் பேயனட் மவுண்ட், ஒரே வேக டயல், கட்டைவிரல் லீவர், திறக்கும் பின்கதவு. பெயரில் உள்ள 'எம்' ஜெர்மன் மொழியில் தூரத்தை அளந்து ஃபோகஸ் காட்டும் ரேஞ்ச்ஃபைண்டரும் காட்சியைக் காட்டும் வியூஃபைண்டரும் சேர்ந்த அமைப்பைக் குறிக்கும் 'மெஸ்ஸூக்கர்' என்ற சொல்லின் முதல் எழுத்து. மூன்று என்பது உள்ளே தெரியும் 50, 90, 135 மி.மீ. லென்ஸ்களுக்குப் படத்தின் எல்லையைக் காட்டும் மூன்று ஃப்ரேம்களுக்கு, அதாவது சட்டங்களுக்கு.

வியூஃபைண்டர்தான் இந்தக் கேமராவின் உயிர்

எம்3-யின் வியூஃபைண்டர் உருப்பெருக்கம் 0.91. கிட்டத்தட்ட வெறும் கண்ணால் பார்க்கும் அளவு. வலது கண்ணை ஃபைண்டரில் வைத்து இடது கண்ணையும் திறந்தே வைத்தால், இரண்டு காட்சிகளும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். உலகத்தின் மேல் வெள்ளைக் கோட்டில் ஒரு சட்டம் மிதப்பதுபோல் இருக்கும். இதைப் பின்னால் வந்த 0.72 ஃபைண்டர்களில் செய்து பார்த்தால் கொஞ்ச நேரத்திலேயே தலை வலிக்கும்.

பெரிய பிம்பம் வெறும் சுகத்துக்காக இல்லை, கணக்கும் அதன் பக்கம்தான். ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே 68.5 மி.மீ. அதை 0.91 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 62 மி.மீ.; இதுதான் ஃபோகஸ் துல்லியத்தைத் தீர்மானிக்கும் பயனுறு தூரம். அதே உடலமைப்பில் 1957-58-இல் வந்த எம்2-இல் உருப்பெருக்கம் 0.72 என்பதால் அது ஏறக்குறைய 49 மி.மீ. ஆகக் குறைகிறது. 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.4-இல் திறந்து வைத்தும், 90 அல்லது 135 மி.மீ. லென்ஸை மாட்டியும் எடுப்பவருக்கு இந்த வித்தியாசம் நெகட்டிவில் தெரியும். 35 மி.மீ.-இல் எஃப் 8 வைத்துத் தெருவில் நடப்பவருக்குத் தெரியவே தெரியாது.

நடுச் செவ்வகத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருப்பது இன்னொரு வசதி. இரட்டைப் பிம்பத்தை ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்துவது வழக்கமான முறை. செங்குத்தான கோடு ஒன்று கிடைத்தால், அதைச் செவ்வகத்தின் மேல் அல்லது கீழ் விளிம்பில் வைத்து, உள்ளே இருக்கும் கோடும் வெளியே இருக்கும் கோடும் உடையாமல் தொடர்கிறதா என்று பார்க்கலாம். இரண்டாவது முறை இன்னும் துல்லியம்.

50 மி.மீ. ஃப்ரேம் எப்போதும் தெரியும். முனைகள் உருண்ட, தடித்த கோடு. 90 அல்லது 135 லென்ஸை மாட்டும்போது அதற்குரிய சட்டம் கூடுதலாக உள்ளே வரும். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பத் திருப்பச் சட்டங்கள் குறுக்காக நகர்ந்து, லென்ஸும் ஃபைண்டரும் வேறு வேறு இடத்திலிருந்து பார்ப்பதால் வரும் இடமாறு தோற்றப் பிழையைச் சரிசெய்யும். ஆனால் அவற்றின் அளவு மாறுவதில்லை. கிட்டத்துக் கணக்கில் வரைந்த சட்டம் என்பதால், தூரத்துக் காட்சியில் கோட்டுக்குள் தெரிவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஃபிலிமில் விழும். ஓரத்தில் வேண்டாதது எட்டிப் பார்த்தால் கேமராவைத் திட்ட வேண்டாம்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கண் வைக்கும் ஐபீஸின் வளையம் வெறும் உலோகம். கண்ணாடியில் கீறல் விழுவது நிச்சயம். மெல்லிய ரப்பர் வளையம் ஒன்றை ஒட்டிவிட்டுத்தான் பயன்படுத்த ஆரம்பிக்க வேண்டும்.

கண்ணாடிக் கட்டையின் ஒட்டு

சின்ன ஜன்னல் வழியே வரும் பிம்பத்தை முக்கியப் பிம்பத்தோடு சேர்ப்பது பாதி வெள்ளி பூசிய ஒரு பிரிசம். அதன் துண்டுகளை கனடா பால்சம் என்ற மரப்பிசினால் ஒட்டியிருக்கிறார்கள். அறுபது எழுபது வருடத்தில் பிசின் காய்ந்து நொறுங்கத் தயாராகிவிடுகிறது. மேசையிலிருந்து விழ வேண்டியதில்லை. பார்சலில் வரும்போது ஒரு குலுக்கலே போதும். ஒட்டு விட்டால் நடுச் செவ்வகமும் ஃப்ரேம் கோடுகளும் மங்கும் அல்லது ஒரேயடியாக மறையும். சிலவற்றில் ஃபைண்டரே இருண்டுவிடும். எம்2 முதல் இந்த அமைப்பை எளிமையாக்கிவிட்டதால், இது பெரும்பாலும் எம்3-க்கே உரிய நோய்.

சோதிப்பது இப்படி. வெளிச்சமான சுவர் ஒன்றைப் பார்த்தபடி ஐபீஸில் கண்ணை வையுங்கள். செவ்வகத்தின் நான்கு மூலைகளும் சமமாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் சிலந்தி வலைபோலவோ, இறகுபோலவோ, பெட்ரோல் சிந்திய தண்ணீரின் நிறங்களோ தெரிந்தால் பிரிவு தொடங்கிவிட்டது. அடுத்து, சின்ன டார்ச் ஒன்றை ஐபீஸுக்குள் அடித்து, முன்பக்கத்துப் பெரிய ஜன்னலைச் சாய்வாகப் பாருங்கள். கட்டைக்குள் இருக்கும் விரிசல் அப்போது பளிச்சிடும். பிறகு நடுவில் உள்ள பனிக்கண்ணாடி ஜன்னலை விரலால் மூடினால் ஃப்ரேம் கோடுகள் அணைய வேண்டும். சின்ன ஜன்னலை மூடினால் செவ்வகத்தின் இரண்டாவது பிம்பம் மட்டும் போக வேண்டும். அப்படி நடந்தால் ஒளிப்பாதை ஒழுங்காக இருக்கிறது.

காட்சி முழுவதும் புகை படிந்ததுபோல் மங்கலாக இருப்பது வேறு விஷயம். அது கண்ணாடிகளின் மேல் படிந்த ஆவி. மேல்மூடியைக் கழற்றித் துடைத்தால் போய்விடும். விற்பவர் பலர் இரண்டையும் சேர்த்து "லேசான மங்கல்" என்று எழுதிவிடுகிறார்கள். ஒன்று துடைத்தால் போகும். இன்னொன்றுக்குப் பிரிசத்தைப் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும் அல்லது வேறு பிரிசம் பொருத்த வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு, அசல் உதிரி பாகமும் அரிது. எனவே செவ்வகத்தின் ஊடே எடுத்த படம் ஒன்றை அனுப்பச் சொல்லாமல் தபாலில் வாங்கவே கூடாது.

எது எப்போது மாறியது

முதலில் லீவர். ஆரம்ப உடல்களில் ஒரு படத்துக்கு லீவரை இரண்டு முறை இழுக்க வேண்டும். ஒரே இழுப்பில் வேகமாக நகர்த்தினால் ஃபிலிம் கிழியலாம், உராய்வில் நிலைமின் பொறி விழலாம் என்ற பயம்தான் காரணம் என்று சொல்வார்கள். 1958-இல், 9,19,251 என்ற சீரியல் எண்ணை ஒட்டி ஒற்றை இழுப்பு வந்தது. இரட்டை இழுப்பில் ஒரே தொல்லை: முதல் இழுப்போடு நிறுத்திவிட்டுக் கண்ணுக்குக் கொண்டுபோனால் பட்டன் அசையாது. அது பழகிப்போகும். இரட்டை இழுப்பின் வழுவழுப்புக்காகவே அதைத் தேடுகிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், நன்றாகச் சர்வீஸ் செய்த இரட்டை இழுப்பு, காய்ந்துபோன ஒற்றை இழுப்பைவிட எத்தனையோ மேல். ஒற்றை இழுப்பு உடலிலும் லீவரைச் சின்னச் சின்ன இழுப்புகளாகத் தள்ளலாம். ஃபிலிமுக்கோ பல்சக்கரத்துக்கோ அதனால் கெடுதல் இல்லை.

சீரியல் எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. பழைய கேமராவைத் தொழிற்சாலைக்கு அனுப்பி ஒற்றை இழுப்பாக மாற்றிக்கொண்டவர்கள் நிறைய. அதனால் 7 லட்சத்து எண்ணில் ஒற்றை இழுப்பு இருந்தால் போலி என்று அர்த்தமில்லை. எண்களின் வரிசையை எம்2, திருகு மவுண்ட் 3ஜி போன்ற மற்ற உடல்களும் பங்கிட்டுக்கொண்டன. கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்து எத்தனை எம்3 என்று கணக்கிடுவதும் தப்பு.

அடுத்தது வேக டயல். பழையதில் 1, 1/2, 1/5, 1/10, 1/25, 1/50, 1/100, 1/250, 1/500, 1/1000. 1957 வாக்கில், 8,54,001-ஐ ஒட்டி, இன்றைக்கு நாம் அறிந்த 1/4, 1/8, 1/15, 1/30, 1/60, 1/125 வரிசை வந்தது. கையில் ஒளியளக்கும் தனி மீட்டர் வைத்து எடுப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை: மீட்டர் 1/125 என்றால் 1/100-இல் வையுங்கள், நெகட்டிவ் ஃபிலிமுக்கு அந்த வித்தியாசம் உறைக்காது. 1/60 என்றால் 1/50. 1/30-க்கு 1/25. சிக்கல் வருவது கேமராவின் மேல் செருகி டயலோடு இணையும் லைக்காமீட்டரில்தான். மீட்டரின் அளவுகோலும் டயலின் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். புது வரிசை மீட்டரைப் பழைய டயலில் மாட்டினால் முள் காட்டுவதும் ஷட்டர் செய்வதும் வேறு வேறாகிவிடும்.

1954-இன் உடல்களில் ஃப்ரேம் மாற்றிப் பார்க்கும் லீவர் கிடையாது. 1955-இல், 7,85,801-ஐ ஒட்டி அது முன்பக்கத்தில் வந்தது. லென்ஸைக் கழற்றாமலேயே "இதற்கு 90 போட்டால் எப்படி இருக்கும்" என்று பார்த்துக்கொள்வதற்கு. உண்மையில் உபயோகமான மாற்றம், ஆனால் அது இல்லை என்பதற்காக நல்ல கேமராவை விட வேண்டியதில்லை.

ஃபிலிமைப் பின்னால் அழுத்தும் தகடு முதலில் கண்ணாடியில் இருந்தது. பிறகு உலோகத்துக்கு மாறினார்கள். கண்ணாடி சமதளமாக இருக்கும் என்பது உண்மைதான். வறண்ட குளிரில் ஃபிலிம் அதன் மேல் உரசி நிலைமின் உண்டாக்கும் என்பது அதன் மேல் உள்ள குற்றச்சாட்டு. வாங்கும்போது பின்கதவைத் தூக்கி, கண்ணாடித் தகட்டில் விரிசலோ சில்லு உடைந்த இடமோ இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். ஒரு மணல் அளவு சில்லு போதும், 36 படத்திலும் நீளவாக்கில் ஒரே இடத்தில் கோடு.

1950-களின் கடைசியில் நடுச் செவ்வகத்தின் மேல், கீழ் விளிம்புகளில் சின்ன வெட்டுகள் வந்தன. 50 மி.மீ. லென்ஸில் எஃப் 5.6-க்கும் எஃப் 16-க்கும் எதுவரை கூர்மையாக இருக்கும் என்று காட்டுபவை. இரட்டைப் பிம்பங்களுக்கு இடையே உள்ள விலகல் அந்த வெட்டின் அகலத்துக்குள் இருந்தால் அந்தப் பொருள் கூர்மை எல்லைக்குள் இருக்கிறது என்று பொருள். புத்திசாலித்தனமான யோசனை, பயன்படுத்துகிறவர்கள் அபூர்வம்.

வார் மாட்டும் காதும் மாறியது: ஆரம்பத்தில் நாய்க்காது போன்ற வடிவம், பிறகு எளிய உருண்டைக் காது. எந்தக் காதானாலும் எஃகு வளையம் அரித்து அரித்துப் பாதி தேய்ந்திருக்கலாம். கேமராவைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு காதுகளின் உட்பக்கத்தையும் பாருங்கள். தேய்ந்த காது அறுந்தால் கேமரா தரையில், அப்புறம் பிரிசத்தின் கதை மேலே சொன்னதுதான்.

பெரும்பான்மை வெள்ளிக் குரோமியம். கறுப்பு எனாமல் பூசிய தொழிற்சாலை உடல்கள் உண்டு, மேற்கு ஜெர்மன் ராணுவத்துக்காக ஆலிவ் பச்சையில் செய்தவையும் உண்டு. அசலைவிடப் பின்னால் பூசிய கறுப்பும் பச்சையும்தான் சந்தையில் அதிகம். படம் எடுக்க வாங்குகிறவர் இந்தப் பக்கமே திரும்பாமல் இருப்பது நல்லது.

35 மி.மீ. போட வேண்டுமென்றால்

எம்3-இல் 35-க்குச் சட்டம் இல்லை. சாதாரண 35 லென்ஸை மாட்டினால் 135 மி.மீ. சட்டம் வந்து நிற்கும், ஏனென்றால் மவுண்டில் இரண்டுக்கும் ஒரே சாவி. ஃபோகஸ் சரியாகவே வேலை செய்யும். எல்லையைப் பார்க்க, கேமராவின் மேலே துணைக்கருவி செருகும் ஷூவில் தனி ஃபைண்டர் செருக வேண்டும். இன்னொரு வழி, எம்3-க்கென்றே லைட்ஸ் செய்த 'கண்ணாடி போட்ட' 35 லென்ஸ்கள்: சம்மரான், சம்மிக்ரான் இரண்டிலும் உண்டு. லென்ஸோடு சேர்ந்த கண்ணாடிகள் ஃபைண்டர் ஜன்னல்களின் முன்னால் உட்கார்ந்து காட்சியைச் சுருக்கிவிடும். அப்போது 50-இன் சட்டம் 35-இன் எல்லையைக் காட்டும். கனம் கூடும், காட்சி கொஞ்சம் மங்கும், கண்ணாடி லேசாக வளைந்தாலும் ஃபோகஸ் தப்பும்.  35-ஐயே அதிகம் பயன்படுத்துகிறவர் இந்த வித்தையெல்லாம் செய்யாமல் எம்2 வாங்கிக்கொள்ளலாம். 35, 50, 90 மூன்றும் அதில் இருக்கின்றன. எம்2-இல் படம் எண்ணும் தட்டைக் கையால்தான் பூஜ்ஜியத்தில் வைக்க வேண்டும் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

கிட்டத்துக்கு 50 மி.மீ. டூயல் ரேஞ்ச் சம்மிக்ரான். அதற்குரிய கண்ணாடியைப் பொருத்தினால் 48 செ.மீ. வரை நெருங்கும், ரேஞ்ச்ஃபைண்டரோடு இணைந்தே. பழைய எம்3 உடல்கள் சிலவற்றில், லென்ஸின் அசைவைப் பின்தொடரும் ரேஞ்ச்ஃபைண்டர் கை 1 மீட்டருக்குக் கீழே பின்தொடராது. 0.7 மீட்டர் வரை போகும் லென்ஸ் ஒன்றை மாட்டி, 1 மீட்டரைத் தாண்டித் திருப்பும்போது செவ்வகத்தில் பிம்பம் தொடர்ந்து நகர்கிறதா என்று பாருங்கள். நின்றுவிட்டால் உங்களுடையது அந்த வகை.

பழைய திருகு லென்ஸ்களைப் போட 1 மி.மீ. தடிப்புள்ள வளையம் போதும். எம் மவுண்டின் தூரம் 27.8 மி.மீ., திருகு மவுண்டுக்கு 28.8. வளையத்திலும் 50, 90, 135 என்று வகை உண்டு, அதுதான் எந்தச் சட்டம் வரும் என்பதைத் தீர்மானிக்கும். மலிவு வளையங்களில் தடிப்பு சரியாக இருக்காது. முடிவிலியில் பிம்பம் சேராமல் போனால் லென்ஸைக் குறை சொல்லும் முன் வளையத்தை மாற்றிப் பாருங்கள்.

ஃபிலிம் போடுவது

இதைச் சுற்றி ஏகப்பட்ட பயமுறுத்தல். சரியான வரிசையில் செய்தால் ஒரு நிமிடம்.

கேமராவைத் தலைகீழாகப் பிடித்து, அடித்தகட்டின் சாவியை 'அவுஃப்' (Auf) பக்கம் திருப்பிக் கழற்றுங்கள். ஜெர்மனில் அது 'திற'. 'ட்ஸூ' என்றால் 'மூடு'. ஆங்கிலம் பழகிய கண்ணுக்கு இது நேர்மாறாகத் தோன்றும். தகட்டைச் சட்டைப்பையில் போடுங்கள், வாயில் கவ்வ வேண்டாம். பின்கதவை மேலே தூக்குங்கள். எடுத்த ஃபிலிம் சுற்றிக்கொள்ளும் டேக்கப் ஸ்பூலை வெளியே இழுங்கள். படம் எண்ணும் தட்டு பூஜ்ஜியத்துக்குத் திரும்புவது இந்த இழுப்பில்தான். ஃபிலிமின் நாக்கை ஸ்பூலின் கவ்விக்குள் முழுதாக, நேராகச் செருகுங்கள். திருகு மவுண்ட் லைக்காபோல நாக்கைப் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டத் தேவையில்லை, கடையில் வரும் நாக்கே போதும். இப்போது ஒரு கையில் கேசட், மறுகையில் ஸ்பூல், நடுவில் ஒரு ஜாண் ஃபிலிம். இரண்டையும் ஒரே நேரத்தில் உள்ளே இறக்குங்கள்.

தவறு நடப்பது இங்கேதான். ஃபிலிம் முழு ஆழத்துக்கு இறங்காமல் ஓரமாகத் தொங்கினால் பல்சக்கரம் துளைகளில் விழாது. திறந்த பின்கதவு வழியாகப் பாருங்கள்: துளைக்குள் பல் நிற்கிறதா? இல்லையென்றால் விரலால் மெல்ல அழுத்தி, லீவரைச் சற்றே தள்ளுங்கள். பல் பிடித்ததும் கதவை மூடி, அடித்தகட்டை ஓரத்து முளையில் முதலில் மாட்டி, பிறகு அழுத்திப் பூட்டுங்கள்.

ரீவைண்ட் குமிழை அம்புக்குறி திசையில் தளர்வு போகும்வரை மட்டும் திருப்புங்கள். அடுத்து லீவரை இழுக்கும்போது குமிழ் தானாகச் சுழல வேண்டும். சுழன்றால் ஃபிலிம் ஓடுகிறது. சுழலவில்லை என்றால் கவ்வியிலிருந்து நாக்கு நழுவிவிட்டது. எண்ணும் தட்டை நம்பி எடுத்துக்கொண்டே போனால் 36 வெற்றுப் படம். தட்டு ஃபிலிமை எண்ணுவதில்லை, லீவரைத்தான் எண்ணுகிறது.

பழைய கேமரா வாங்கும்போது உள்ளே டேக்கப் ஸ்பூல் இருக்கிறதா என்று மறக்காமல் கேளுங்கள். கழன்று வரும் சாமான் என்பதால் தொலைந்துபோவதும் அதுதான். ஸ்பூலையே தவிர்க்கும் விரைவு லோடிங் சாமான் ஒன்றை லைட்ஸ் பின்னாளில் விற்றது. இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடி முழுகாது.

ரீவைண்டுக்குக் குமிழை மேலே தூக்கிச் சுற்ற வேண்டும். 36 படம் என்றால் விரல் சலிக்கும். 1967-இல் வந்த எம்4-இல் சாய்ந்த கைப்பிடி வந்ததற்கு இதுவே காரணம். அவசரப்பட்டு வேகமாகச் சுற்றுவதைவிட நிதானமாகச் சுற்றுவதே ஃபிலிமுக்கு நல்லது.

ஷட்டரைச் சோதிப்பது

ரப்பர் பூசிய துணித் திரைகள் இரண்டு குறுக்காக ஓடுகின்றன. கண்ணாடி லென்ஸுக்கும் திரைக்கும் நடுவே எதுவும் இல்லை. மூடி போடாத லென்ஸ் முடிவிலியில் நின்று சூரியனைப் பார்த்தால், பூதக்கண்ணாடியில் காகிதம் கருகுவதுபோலத் திரையில் ஊசித்துளை விழும். இருட்டறையில் லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் தூக்கி, முன்னால் டார்ச் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். லீவர் இழுத்த நிலையில் ஒரு முறை, இழுக்காத நிலையில் ஒரு முறை. இரண்டு நிலையிலும் வெவ்வேறு துணி மறைப்பதால் ஒரு முறை பார்த்தது கணக்கில் சேராது. டார்ச்சை நேராக மட்டுமல்லாமல் நான்கு மூலைக்கும் சாய்த்துக் காட்டுங்கள். துணியில் சுருக்கம் மட்டும் இருந்து வெளிச்சம் கசியவில்லை என்றால் கவலை வேண்டாம்.

1 நொடியில் வைத்து அழுத்தினால் உள்ளே சக்கரம் சீராக ரீங்கரித்து முடிய வேண்டும். நடுவில் திணறி நின்றாலோ, பத்துத் தடவை தட்டிய பிறகே சரியாக ஓடினாலோ பழைய எண்ணெய் பிசினாகிவிட்டது. மெதுவான வேகங்களைக் கைபேசியின் ஒலிப்பதிவில் அளக்கலாம்: முதல் திரையின் சத்தத்துக்கும் இரண்டாவதன் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியே வேகம். 1/2 நொடி 0.6 ஆக வந்தால் விட்டுவிடலாம், 0.9 என்றால் சர்வீஸ். வேகமான பக்கத்தில் இந்த முறை செல்லாது. 1/1000-இல் ஒரே சீரான வானத்தையோ சுவரையோ ஃபிலிமில் எடுத்து, படத்தின் ஒரு ஓரம் மற்றதைவிட இருண்டிருக்கிறதா என்று பார்ப்பதே வழி. இருண்டிருந்தால் திரைகளில் ஒன்று இன்னொன்றை எட்டிப் பிடிக்கிறது. ஸ்பிரிங்கை இன்னும் முறுக்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேமராவை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். முதலில் சுத்தம், அப்புறம் எண்ணெய், கடைசியில்தான் முறுக்கு.

எலக்ட்ரானிக் ஃபிளாஷுக்கு உச்சவேகம் 1/50. டயலில் மின்னல் குறி போட்டிருக்கும். மேலே உள்ள ஷூவில் மின்தொடர்பு இல்லை. பின்பக்கத்தில் இரண்டு துளைகள். ஃபிளாஷை இணைக்கும் சாதாரண பிசி வயர் அவற்றில் பொருந்தாது, தனி அடாப்டர் வேண்டும்.

ரேஞ்ச்ஃபைண்டர் தப்பியிருந்தால்

ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கோபுரமோ கம்பமோ, இரவானால் நிலாவோ போதும். லென்ஸ் முடிவிலியில் முட்டி நிற்கும்போது இரண்டு பிம்பமும் ஒன்றாக வேண்டும். சேரவில்லை என்றால் இன்னொரு லென்ஸ் மாட்டிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு தப்பினால் குறை உடலில், ஒன்றில் மட்டும் என்றால் அந்த லென்ஸில். மவுண்டுக்குள் மேலே தெரியும் சின்ன உருளைதான் லென்ஸின் அசைவை ரேஞ்ச்ஃபைண்டருக்குக் கடத்துகிறது. அதன் மையம் தள்ளிய திருகைத் துளி திருப்பினால் முடிவிலி நகரும். துளி என்றால் துளிதான். திருப்பிய கையோடு 1 மீட்டரிலும் சரிபாருங்கள்: அடித்தகட்டைக் கழற்றி, பின்கதவைத் தூக்கி, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் மங்கலான செல்லோடேப் ஒட்டி, பட்டனை அழுத்தியிருக்கும்வரை திறந்தே இருக்கும் 'பி'-யில் ஷட்டரைத் திறந்து பிடித்து, லூப் என்ற உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் உண்மையான ஃபோகஸ் எங்கே விழுகிறது என்று தெரியும். முடிவிலி சரி, 1 மீட்டர் தப்பு என்றால் ரேஞ்ச்ஃபைண்டர் கையின் நீளத்தை மாற்ற வேண்டியிருக்கும். அதையும், பிம்பம் மேலும் கீழுமாக விலகியிருப்பதையும் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

மவுண்ட் வளையத்தின் உச்சித் திருகின் மேல் மெழுகு முத்திரை இருந்தால் உள்ளே யாரும் கை வைக்கவில்லை என்பார்கள். அதைவிட நல்ல சாட்சி திருகுகளின் தலைதான். வாய் கிழிந்த திருகு தெரிந்தால், கிழித்தவர் உள்ளேயும் அதே கையோடுதான் போயிருப்பார். உடலைப் போர்த்திய வல்கனைட் என்ற கெட்டி ரப்பர் வயதாக ஆகச் சுருங்கிச் சில்லு சில்லாக உதிரும், குறிப்பாகப் பின்கதவின் ஓரத்திலும் காதுகளுக்கு அருகிலும். அளவாக வெட்டிய தோல் கிடைக்கிறது, ஒரு சாயங்கால வேலை. விலை பேச நல்ல சாக்கு என்பதைத் தவிர உதிர்ந்த வல்கனைட்டால் படத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை.